ரயில் பாதையில் வருணாசிரமம்

சில நாட்களுக்கு முன் ஒரு பொதுக்கூட்டத்திற்காக நாம் பாசஞ்சர் வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு சிறு ஸ்டேஷனில் வண்டியை ஓரத்து லயனில் ஒதுக்கி நிறுத்தினார்கள். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. முக்கால் மணியும் ஆயிற்று. நமக்கு முன்பே வந்து ஒதுங்கிய கூட்ஸ் வண்டி ஒன்று நிலக்கரியைச் சுமந்துகொண்டு அடுத்த லயனில் நின்றது. கடைசியில் கண்ணாடிகளெல்லாம் இறுக மூடிய அதிவேக வண்டி ஒன்று தூசியை வாரி நம் முகத்தில் இறைத்துவிட்டு நடுப் பாதையில் பறந்தது. அதற்குப் பிறகுதான் நம் வண்டிக்குக் கைகாட்டி விழுந்தது.

எதிரில் கீரைக்கட்டுகளோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "கீரையெல்லாம் வாடிப்போச்சு. இனிமே சந்தையில எவன் வாங்குவான்?" என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் தெளித்தார். "ஏம்மா, தினமும் இப்படித்தானா?" என்று கேட்டோம். "தினமுந்தான் அய்யா. பெரிய வண்டி வந்தா சின்ன வண்டி ஒதுங்கித்தானே நிக்கணும். அவங்கவங்க தலையெழுத்து" என்றார்.

வண்டி நின்றதைவிட அந்த அம்மாள் சொன்ன இந்த ஒரு சொல்தான் நம்மை இதை எழுதச் செய்தது. பெரியவன் வந்தால் சின்னவன் ஒதுங்க வேண்டும் என்பதும், அது தலையெழுத்து என்பதும் நம் மக்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகப் புகட்டப்பட்டு வந்த பாடமல்லவா? தெருவில் ஒதுங்கினோம்; குளத்தில் ஒதுங்கினோம்; கோயில் வாசலில் ஒதுங்கினோம். இப்பொழுது தண்டவாளத்தின்மேலும் ஒதுங்கிக்கொண்டு, அதற்கும் பிரமன்மேல் பழியைப் போடுகிறோம். பிரமன் எந்த ஸ்டேஷனுக்கும் வந்து கொடி காட்டியதாக நமக்குத் தெரியவில்லை. எந்த வண்டி முந்த வேண்டும், எந்த வண்டி ஒதுங்க வேண்டும் என்பது ரயில்வே அதிகாரிகள் எழுதி வைத்த வரிசை. எந்தப் பாதைக்குப் பணம், எந்தப் பாதைக்குப் பட்டினி என்பது டில்லியில் ஆண்டுதோறும் எழுதப்படும் வரவு செலவுத் திட்டம். இரண்டும் மனிதன் எழுதியவை, மனிதனால் திருத்தக்கூடியவை.

நாம் ரயிலுக்கோ, அதன் வேகத்திற்கோ விரோதிகளல்ல. இந்த நாட்டில் சாதியின் முதுகில் விழுந்த நல்ல அடிகளில் ரயில் வண்டி கொடுத்த அடியும் ஒன்று. 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னாட்டின் முதல் வண்டி புறப்பட்ட நாளிலிருந்து, ஒரே பலகையில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதைச் சாஸ்திரம் தீர்மானிக்க முடியாமல் போயிற்று, டிக்கட் தீர்மானித்தது. சாமியாலும் சாமியாராலும் ஆகாத காரியத்தை நீராவி செய்தது.

ஆனால் சாதி சும்மா விடுமா? வண்டியில் விட்டதை ஸ்டேஷனில் பிடித்துக்கொண்டது. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓர் இடமும் மற்றவர்களுக்கு வேறோர் இடமும் என்று பலகை மாட்டி வைத்திருந்தார்கள். நமது இயக்கம் கிளர்ச்சி செய்து, 1941-ல்தான் அந்தப் பலகைகள் இறங்கின. அதற்கும் முன்பே, 1924-ல், வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள பொதுத் தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்று தடுத்தபோது பெரியார் அங்கு சென்று சிறைப்பட்டார். இந்த இரண்டு போராட்டங்களிலும் நாம் கேட்ட கேள்வி ஒன்றுதான். எல்லாருடைய பணத்திலும் போட்ட பாதை எப்படி ஒரு சிலருடைய பாதையாகும் என்பதே அது.

இன்று அதே கேள்வியை வேறு இடத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் வகுப்பு என்ற பெயரை 1974-ல் எடுத்துவிட்டார்கள். பெயர் போயிற்று; அந்த வகுப்பு போகவில்லை. ரயில் பாதையிலே இன்றும் நான்கு வருணம் இருக்கிறது. முதலில் அதிவேக வண்டி, அடுத்தது மெயிலும் எக்ஸ்பிரசும், மூன்றாவது பாசஞ்சர், எல்லாருக்கும் கடைசியில், எல்லாருடைய சுமையையும் சுமந்துகொண்டு, எல்லாருக்கும் வழிவிட்டு நிற்கிறது கூட்ஸ் வண்டி. உழைப்பவன் கடைசியில் நிற்க வேண்டும் என்ற மனுதர்மத்தை இதைவிடத் தெளிவாக இரும்பில் எழுத முடியுமா?

கூட்ஸ் வண்டி உழைக்கிறது என்று நாம் அலங்காரத்திற்குச் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். 2023-24-ல் ரயில்வேக்கு வந்த மொத்த வருமானம் சுமார் 2,56,000 கோடி ரூபாய். இதில் சரக்கு ஏற்றியதால் வந்தது சுமார் 1,68,000 கோடி. பிரயாணிகள் கொடுத்தது சுமார் 70,000 கோடி. ரூபாயில் பத்தணாவுக்கு மேல் கூட்ஸ் வண்டி சம்பாதித்துக் கொடுக்கிறது. அப்படியிருந்தும் வந்த 100 ரூபாயில் 98 ரூபாய்க்கு மேல் அன்றாடச் செலவுக்கே போய்விட்டது. புதுப் பாதைக்கும் புது வண்டிக்கும் வேண்டிய பணம் பெரும்பாலும் பொது வரியிலிருந்தும் கடனிலிருந்தும்தான் வரவேண்டியிருக்கிறது. ஆகவே இது ரயில்வேக்காரரின் சொந்தக் காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. உப்புக்கும் தீப்பெட்டிக்கும் காசு கொடுக்கிற ஒவ்வொருவருடைய காரியமும் ஆகும்.

சில ஆண்டுகளாக ரயில் டிக்கட்டிலே ஒரு வாசகம் அச்சடித்துக் கொடுத்து வந்ததை வாசகர்கள் கண்டிருக்கலாம். பிரயாணச் செலவில் சராசரி 57 சதவிகிதந்தான் கட்டணமாக வசூலிக்கிறோம் என்பது அதன் கருத்து. அதாவது, "நீ பாதிப் பிச்சையில் பிரயாணம் செய்கிறாய், நினைவிருக்கட்டும்" என்பதாகும். நாம் கேட்கிறோம்: மீதி 43 சதவிகிதத்தைக் கொடுக்கிற தர்மப் பிரபு யார்? மந்திரி தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாரா? திருப்பதி உண்டியலிலிருந்து வந்ததா? பெரும்பகுதி கூட்ஸ் வாடகையிலிருந்து வந்தது. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் இரும்புக்கும் உரத்திற்கும் அதிக வாடகை வாங்கி, அந்தப் பணத்தால் பிரயாணிக் கட்டணத்தின் நஷ்டத்தை அடைக்கிறார்கள்.

கூட்ஸ் வாடகையைக் கொடுப்பது யார்? கம்பெனிக்காரன் கொடுத்துவிட்டு அதை விலையில் ஏற்றி விடுகிறான். ஒரிசாவின் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்திற்கு வந்து, கப்பலில் எண்ணூருக்கு வந்து, அங்கிருந்து மறுபடியும் ரயிலில் மேட்டூர் அனல் மின்நிலையத்திற்குப் போகிறது. வழியெல்லாம் ஏறிய வாடகை மின்சாரத்தின் விலையில் இறங்குகிறது. அந்தக் கீரைக்கார அம்மாள் வீட்டு விளக்கு அந்த மின்சாரத்தில் எரிகிறது. அவர் வீட்டுச் சுவருக்குப் பூசிய சிமெண்டிலும், கீரைப் பாத்திக்குப் போட்ட உரத்திலும் இந்த வாடகை இருக்கிறது. அவர் கையிலிருந்து எடுத்த காசையே அவருக்குத் தானம் செய்துவிட்டு, டிக்கட்டில் வேறு அச்சடித்துக் குத்திக்காட்டுவது என்ன யோக்கியதை? புரோகிதன் நம் அரிசியை வாங்கி, அதில் ஒரு பிடியை நமக்கே பிரசாதமாகக் கொடுத்து, கையேந்தச் சொல்லுகிற வித்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதிலும், சிறு தூரத்துப் பிரயாணிக்குக் காட்டிய கருணையைப் பாருங்கள். 2020-ல் தொற்றுநோய் வந்தது, வண்டிகள் நின்றன. மறுபடியும் ஓடியபோது, பாசஞ்சர் வண்டிகளுக்கு எக்ஸ்பிரஸ் என்றும் ஸ்பெஷல் என்றும் பெயர் வைத்து, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கினார்கள். அதே பெட்டி, அதே பலகை, அதே வேகம். பெயர் மாத்திரம் எக்ஸ்பிரஸ். சூத்திரனுக்குப் பூணூல் மாட்டியதுபோல் பாசஞ்சருக்குப் பட்டம் மாட்டி, அதற்குக் கூலியையும் பிரயாணியிடமே வாங்கினார்கள். பால்காரனும் கொத்தனும் நூல் மில் பெண்ணும் இந்த மும்மடங்கைக் கொடுத்து வந்தார்கள். 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழைய கட்டணம் திரும்பி வந்தது. அதே 2020 மார்ச்சில் நிறுத்திய முதியோர் சலுகை, நோய் போன பின்னும் ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. கிழவனிடத்திலும் கூலிக்காரனிடத்திலும் இவ்வளவு கண்டிப்பாகக் கணக்குப் பார்க்கிற சர்க்கார் வேறிடத்தில் எப்படிச் செலவு செய்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம்.

பம்பாயிலிருந்து ஆமதாபாத்துக்குப் புல்லட் ரயில் பாதை போடுகிறார்கள். தூரம் 508 கிலோமீட்டர். முதலில் போட்ட மதிப்பு 1,08,000 கோடி ரூபாய். 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டி, 2022-ல் வண்டி ஓடும் என்றார்கள். 2025 முடிந்தும் வண்டி ஓடவில்லை. மதிப்போ வளர்ந்துகொண்டே போகிறது. முதல் மதிப்பையே வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 212 கோடி ரூபாய் ஆகிறது.

இந்த 212 கோடியில் வேறு என்ன செய்யலாம் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் வகுத்துப் பார்க்கலாம். கூட்ஸ் வண்டிக்கென்றே தனிப் பாதை என்று, பஞ்சாபிலிருந்து பீகார் வரைக்கும் ஒன்றும், டில்லிப் பக்கத்துத் தாத்ரியிலிருந்து பம்பாய்த் துறைமுகம் வரைக்கும் ஒன்றுமாக 2,843 கிலோமீட்டர் திட்டம் போட்டார்கள். அதற்கு மதிப்பு சுமார் 1,24,000 கோடி. புல்லட் ரயிலின் ஒரு கிலோமீட்டர் பணத்தில் இந்தக் கூட்ஸ் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர் போடலாம். நம் தஞ்சைச் சீமையில் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியத்து உப்பளப் பக்கமான அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 37 கிலோமீட்டர் பாதையை அகலப் பாதையாக்க ஆன செலவு 294 கோடி. அந்த ஒரு கிலோமீட்டர் பணத்தில் இதுபோன்ற பாதை 26 கிலோமீட்டர் வரும். 2024 செப்டம்பரில் சர்க்கார் ஒப்புக்கொண்ட கிராமச் சாலைத் திட்டம், ரோடே இல்லாத 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் ரோடு போடுவது. செலவு 70,125 கோடி. அந்த ஒரு கிலோமீட்டர் பணத்தில் கிராமத்து ரோடு சுமார் 190 கிலோமீட்டர் வரும்!

வாசகர்கள் இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டுகிறோம். 25,000 ஊர்களுக்கு வழி காட்டுவதற்கு ஆகும் மொத்தப் பணம், இரண்டு பட்டணங்களுக்கு நடுவில் சில மணி நேரத்தை மிச்சம் பிடிப்பதற்கு ஆகும் பணத்தைவிடக் குறைவு. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு மைல் ரோடு முன்னா, வியாபாரக் கனவானுக்கு ஒரு மணி நேரம் முன்னா என்று கேட்டால், பதில் சொல்ல நிபுணர் கமிட்டி வேண்டுமா?

இதற்கு ஒரு சமாதானம் சொல்லுவார்கள். "ஜப்பானைப் பாருங்கள், பணத்தில் பெரும்பகுதியை அவர்களே மிகக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கிறார்கள், நாமும் முன்னேற வேண்டாமா?" என்பார்கள். கடன் குறைந்த வட்டிக்குக் கிடைக்கிறது என்பதற்காகக் குடிசைக்காரன் யானை வாங்குவானா? முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா? ஜப்பானைப் பார்க்கச் சொல்லுகிறவர்கள் பாதி ஜப்பானைத்தான் காட்டுகிறார்கள். டோக்கியோவுக்கும் ஓசாகாவுக்கும் நடுவில் 1964-ல் அதிவேக வண்டி விட்டார்கள். அங்கிருந்த பழைய பாதை வண்டிகளால் நிரம்பி வழிந்ததனால் வேறு வழியின்றிப் போட்டார்கள். சாதாரண ஜனங்கள் போவதற்கு அவர்களிடம் அதற்கு முன்பே நல்ல வண்டிகள் இருந்தன. அப்படிப்பட்ட நாட்டிலேயே கண்ட இடத்திலெல்லாம் பாதை போட்டதும் சேர்ந்து, 1987-ல் அந்நாட்டு ரயில்வேயைப் பிரித்தபோது அதன் கடன் 37 லட்சம் கோடி யென்னாக நின்றது. இந்த மறுபாதியையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பிறகு நம்மை முன்னேறச் சொல்லட்டும்.

நிற்க, கூட்ஸ் வண்டியை ஒதுக்கி ஒதுக்கி நிறுத்தியதன் பலன் என்ன ஆயிற்று என்பதைக் கவனிப்போம். 2019-20-ல் நமது கூட்ஸ் வண்டிகளின் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர்கூட இல்லை. சைக்கிளில் போகிற வாலிபன் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் அதைப் பிடித்துவிடுவான். வாடகையும் அதிகம், வந்து சேரும் நாளும் நிச்சயமில்லை என்றால் வியாபாரி என்ன செய்வான்? லாரியைத் தேடுவான். சுயராஜ்யம் வந்த புதிதில் நாட்டின் சரக்கில் அய்ந்தில் நாலு பங்குக்கு மேல் ரயிலில் போயிற்று. இப்போது அது நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலே என்று சர்க்காரின் தேசிய ரயில் திட்டமே ஒப்புக்கொண்டு, 2030-க்குள் அதை 45 சதவிகிதமாக்க வேண்டும் என்கிறது. தனிப் பாதை போடுவதற்கென்று கம்பெனி ஏற்படுத்தியது 2006-ல். பெரும்பகுதி ஓடத் தொடங்கவே பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் ஆயின. ஓடிய இடங்களில் நன்றாகவே ஓடுகிறது. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் இரண்டு பாதைகளும் வடக்கேயும் மேற்கேயும் நின்றுவிட்டன என்பதையும் தென்னாட்டுக்காரர் மறந்துவிடக்கூடாது.

ரயிலை விட்டு ஓடிய சரக்கு எங்கே போய் விழுந்தது? ரோட்டின்மேல் விழுந்தது. ரோட்டுக்கு வரும் கேட்டைப்பற்றி ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை புதுப் பாதைகள் போட்டு, அவற்றின்மேல் லாரிகளை இரவும் பகலும் ஓட்டிச் சோதனை செய்தார்கள். அச்சின்மேல் சுமை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் கேடு இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று கண்டார்கள். இதைத் தெரிந்துகொண்டே 2018 ஜூலையில் நமது சர்க்கார் நாலு டயர் அச்சு ஒன்றுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பை 11.5 டன்னாக உயர்த்திற்று. சுமை கூடியது எட்டில் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி ரோட்டின் கேடு கூடியது பாதிக்கு மேல். கேட்டைச் செய்பவன் ஒருவன். செப்பனிடப் பணம் கொடுப்பவன் பெட்ரோல் வாங்குகிற எல்லாரும். ரோட்டுக்கென்று பெட்ரோலில் வரி வாங்கும் வழக்கம் 1929-ல் ஆரம்பித்தது. இன்றும் வேறு பெயரில் நடக்கிறது. மொபெட்டில் மீன்கூடை கட்டிக்கொண்டு போகிறவனும் அந்தப் பெரிய லாரி உடைத்த ரோட்டுக்குத் தெண்டம் கட்டுகிறான்.

தெண்டம் காசோடு நிற்கிறதா? 2022-ல் இந்நாட்டு ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சந்தான் குறைய, இருசக்கர வண்டியில் போனவர்களும் நடந்து போனவர்களும். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலில் நின்ற மாகாணம் நமது தமிழ்நாடு; 64,105 விபத்துகள். காரில் போகிறவனுக்காக ஆறு வழி, எட்டு வழி என்று ரோடு போடுகிறோம்; அதன் ஓரத்தில் நடந்து போகிறவனுக்கு நடைபாதை போடவில்லை. ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிற ரோட்டைக் கடக்க, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரு பாலமில்லை. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ரோட்டு இலாகாவுக்கு 2,87,000 கோடி. ரயில்வேயின் முதலீட்டுக்கு 2,52,000 கோடி. கிராமச் சாலைத் திட்டத்திற்கு 19,000 கோடி. ராஜபாட்டைக்கு மரக்கால், கிராமத்து வழிக்கு உழக்கு!

இன்னொரு கூத்தையும் சொல்லாமல் விட முடியாது. இமயமலையிலுள்ள நாலு கோயில்களுக்குப் பக்தர்கள் வசதியாகப் போவதற்கென்று, 2016-ல் அடிக்கல் நாட்டிச் சுமார் 12,000 கோடி ரூபாயில் மலையைக் குடைந்து ரோடு போட்டு வருகிறார்கள். அதில் சில்க்யாரா என்ற இடத்தில் 2023 நவம்பர் 12-ந் தேதி சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். பதினேழு நாள் வெளியே வர முடியவில்லை. சுரங்க வாயிலில் ஒரு சாமியை வைத்துக் கும்பிட்டார்கள். சாமி வரவில்லை, வெளிநாட்டு யந்திரமும் பாதி வழியில் முறிந்து நின்றது. கடைசியில், எலி வளைபோல் நிலக்கரி தோண்டிப் பிழைக்கிற ஏழைத் தொழிலாளிகள் கையாலேயே குடைந்து போய் அத்தனை பேரையும் உயிரோடு கொண்டு வந்தார்கள். எந்தக் கடவுளுக்காக ரோடு போட்டார்களோ அந்தக் கடவுளுக்கு, தனக்கு ரோடு போட்டவனைக் காப்பாற்ற நேரமில்லை! 2025 பிப்ரவரியில் கும்பமேளாவுக்குப் போகும் கூட்டத்தில் புதுடில்லி ஸ்டேஷனில் 18 பேர் நசுங்கிச் செத்தார்கள். ஒரு முழுக்குக்காக 7,600-க்கு மேற்பட்ட ஸ்பெஷல் வண்டிகள் விட முடிந்த சர்க்காருக்கு, வயிற்றுக்காகப் பீகாரிலிருந்து திருப்பூருக்கு வருகிற கூலிக்காரன் உட்காருவதற்கு மாத்திரம் பெட்டி கிடைக்காமற்போவது ஏன்? போகிற பக்தர்களை நாம் குறைசொல்ல வரவில்லை. மோட்சத்துக்கு வழிவிட்டு வேலைக்கு வழிவிடாத சர்க்காரைத்தான் கேட்கிறோம்.

உயிருக்கும் இந்த வரிசைதான். 2023 ஜூன் 2-ந் தேதி ஒரிசாவில் பாலாசூர் பக்கத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், மெயின் லயனில் போக வேண்டியது ஓரத்து லயனில் திரும்பி, அங்கு நின்ற கூட்ஸ் வண்டியில் மோதிற்று. செத்தவர்கள் 290-க்கு மேற்பட்டவர்கள். கைகாட்டிக் கம்பிகளை மாற்றி இணைத்த பிழை என்று விசாரணையில் தெரிந்தது. பிழைப்புத் தேடித் தென்னாட்டுக்கு வந்த ஏழைகள் அந்த வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டிகளில் நெருக்கியடித்து வந்தார்கள். ரயில்வேயின் பத்திரத்திற்காக அய்ந்து ஆண்டுகளில் ஒரு லட்சம் கோடி ரூபாய் செலவிட வேண்டும் என்று ககோட்கர் கமிட்டி 2012-லேயே சொல்லிற்று. புது வண்டிக்குக் கொடி காட்டுவது பத்திரிகையில் படமாக வரும். பழைய கம்பியைச் சரியாகக் கட்டுவது படமாக வராது. நமது தலைவர்களுக்குப் படமெடுக்கக்கூடிய செலவின்மேல்தான் பிரியம்.

"அப்படியானால் பிரயாணிக் கட்டணத்தை ஏற்றச் சொல்லுகிறீரா?" என்று சிலர் கேட்கலாம். கீரைக்காரியின் டிக்கட்டை ஒரு காசும் ஏற்றக்கூடாது என்றே சொல்லுகிறோம். ஏழைக்குக் கொடுக்கிற உதவியைப் பகிரங்கமாகக் கொடுக்க வேண்டும், பொது வரியிலிருந்து கொடுக்க வேண்டும், கணக்கில் இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே நம் கட்சி. இது ஆகாத காரியமல்ல. 2021 மே முதல் தமிழ்நாட்டில் பெண்கள் சாதாரண டவுன் பஸ்களில் காசில்லாமல் போகிறார்கள். அதற்கு ஆகும் பணத்தை மாகாண சர்க்கார் தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்து பஸ் கழகங்களுக்குக் கொடுக்கிறது. அரிசி மூட்டையின்மேல் மறைமுகமாக ஏற்றவில்லை. எந்தப் பெண்ணின் கையிலும் 'நீ பிச்சையில் போகிறாய்' என்று அச்சடித்துக் கொடுக்க வேண்டியதுமில்லை. அது உரிமையாயிற்று. வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் புருஷனிடம் பஸ் காசுக்குக் கையேந்தும் அவமானம் போயிற்று. பஸ்ஸில் செய்ய முடிந்ததை ரயிலில் ஏன் செய்ய முடியாது?

ஆகவே பொதுப் பணத்தைச் செலவிடுவதில் வரிசை எப்படியிருக்க வேண்டும் என்பதை நாம் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, உயிர். இருக்கிற பாதை, பாலம், கைகாட்டி இவைகளைச் சரிசெய்யவும், காலியாகக் கிடக்கும் தொழிலாளர் இடங்களை நிரப்பவும் முதல் ரூபாய் போக வேண்டும்.

இரண்டாவது, கூட்ஸ். தென்னாட்டிற்கும் சேர்த்துக் கூட்ஸ் வண்டிக்குத் தனிப் பாதை வேண்டும். பிரயாணி நஷ்டத்தை அதன் முதுகிலிருந்து இறக்கி வாடகையைக் குறைக்க வேண்டும். கூட்ஸ் வண்டி தன் பாதையில் போனால், பாசஞ்சர் வண்டிக்கும் பழைய பாதையில் இடம் கிடைக்கும். ரோட்டில் லாரி நெருக்கமும் சாவும் குறையும். ஒரு ரூபாயில் மூன்று காரியம் ஆகிற செலவு இதுவே.

மூன்றாவது, சாதாரண வண்டி. சிறு தூரத்துப் பாசஞ்சர்களும், முன்பதிவில்லாப் பெட்டிகளும், கிளைப் பாதைகளும் பெருக வேண்டும்.

நான்காவது, கிராமத்து ரோடும் பஸ்ஸும். அதிலும் ஊருக்குள் வந்து சேரி எல்லையில் நின்றுவிடுகிற ரோட்டை முதலில் சேரிக்குள் கொண்டுபோக வேண்டும். ரோட்டை உடைக்கிற பெரிய லாரி, உடைக்கிற அளவுக்கு வரி கட்ட வேண்டும்.

இவையெல்லாம் ஆகி மிச்சமிருந்தால் புல்லட் ரயில் வரட்டும். அதில் போகிறவர்களின் டிக்கட் பணத்தில் வரட்டும். நாமும் ஒரு நாள் கூட்டம் பேச அதில் ஏறிப் போகிறோம்.

இந்த வரிசையில் புதுமை ஒன்றுமில்லை. பத்துப் பேர் பசித்திருக்கும் வீட்டில் முதலில் சோறு, பிறகுதான் பாயசம் என்பது எந்தப் பாமரனுக்கும் தெரியும். ஆனால் நம் வீட்டில் சமையல்காரன் பாயசத்தை முதலில் வைக்கிறான். அதையும் மாடியிலிருப்பவனுக்கு வைக்கிறான். கீழே இருப்பவன் "தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டு தண்ணீரைக் குடிக்கிறான். அவன் அப்படிச் சொல்லுகிற வரைக்கும் மாடிக்காரனுக்குக் கவலையில்லை. கிராமந்தோறும் இருக்கும் நம் தோழர்கள், ஓட்டுக் கேட்க வருகிறவனிடம் கோயில் கும்பாபிஷேகத்தைப்பற்றிப் பேச விடாமல், "எங்கள் ஊர் ரோட்டுக்கு எவ்வளவு? எங்கள் பாசஞ்சர் வண்டிக்கு எவ்வளவு? கூட்ஸ் பாதை தெற்கே எப்போது?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும்.

அன்று இறங்கும்போது நாம் அந்த அம்மாளிடம் சொன்னோம்: "அம்மா, இது பிரமன் எழுதினதில்லை; டில்லியில் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் எழுதினது." அவர் கீரைக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "அப்படின்னா அவனையில்ல கேக்கணும்?" என்றார்.

நாமும் அதைத்தான் சொல்லுகிறோம்.